ஸ்ப்ரவுட்ஸ் ஏன் இறுகவில்லை? கோத்தகிரித் தோட்டத்துக் கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி, அதில் 14 பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் செடிகள் (தண்டு நெடுகக் குட்டி முட்டைக்கோஸ் போன்ற முளைகள் உருளும் பயிர்). டிசம்பரில் விதை போட்டு, ஜனவரிக் கடைசியில் நட்டிருக்கிறீர்கள். அடியுரமாகக் கோழி எரு, பிறகு மாதம் ஒரு கை யூரியா. இப்போது மே முடியப் போகிறது. செடி இடுப்பைத் தொடுகிறது, இலை கரும்பச்சையாக முறம் மாதிரி விரிந்திருக்கிறது, ஒவ்வொரு இலைக்கும் கக்கத்தில் முளையும் வந்திருக்கிறது. ஆனால் ஒன்றுகூட உருண்டு இறுகவில்லை, எல்லாம் பாதி விரிந்த ரோஜாப்பூ போல நிற்கிறது. உரம் போதவில்லையா, நுனியைக் கிள்ள வேண்டுமா, இலையை உடைக்க வேண்டுமா என்று மூன்று கேள்விகள். கடைசியில், சென்னையில் இருக்கும் தங்கைக்கு மொட்டைமாடியில் வைக்க நாற்று கொடுக்கலாமா என்றும் ஒன்று.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: முளையை இறுக வைப்பது எது? உரமும் இல்லை, கிள்ளுவதும் இல்லை. முளை பெருக்கும் வாரங்கள் குளிரில் வர வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த வாரங்கள் ஏப்ரல், மே மாதங்களில் வந்து விழுந்திருக்கின்றன. கோத்தகிரியில் ஆண்டிலேயே சூடான இரண்டு மாதங்கள் அவை.

முட்டைக்கோஸும் இதுவும் ஒரே இனம். காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் எல்லாமே அந்த ஒரே இனத்துக்குள் மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள். முட்டைக்கோஸில் நுனி முளை ஒன்று மட்டும் பெருத்து உருள்கிறது. ஸ்ப்ரவுட்ஸில் நுனி மேலே போய்க்கொண்டே இருக்கும், இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் இருக்கும் முளைகள் கீழிருந்து ஒவ்வொன்றாக உருளும். அந்த முளைக்குள் இருக்கும் குட்டி இலைகள் மெதுவாக வளர்ந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கெட்டியாகும். 15 முதல் 18 டிகிரி வரை அதற்குத் தோதான வெப்பம். பகல் வெப்பம் தொடர்ந்து 24, 25 டிகிரியைத் தாண்டினால் உள்ளிலைகள் அவசரமாக நீண்டு வெளியே தள்ளிக்கொண்டு வரும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானாலும் இதே கதைதான். நீங்கள் சூட்டையும் கொடுத்து, கோழி எருவும் யூரியாவும் கொடுத்திருக்கிறீர்கள். செடி சந்தோஷமாக இலை விட்டிருக்கிறது. ஆகவே உரம் போதவில்லை என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். கூடிப்போனதுதான்.

மூன்றாவதாக விதை. பாக்கெட்டில் ரகத்தின் பெயரே இல்லை என்கிறீர்கள். அதை வைத்து விதைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 14 செடியும் ஒரே மாதிரி விரிந்திருப்பதால், விதையைவிடப் பருவத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கலப்பட விதையாக இருந்தால் நாலு செடி இறுகி, எட்டு செடி விரிந்து, ஒன்றிரண்டு பரட்டைக் கீரை போல நிற்கும்.

இப்போது இருக்கும் செடிகளைப் பிடுங்காதீர்கள். ஒருமுறை விரிந்த முளை திரும்ப மூடாது. அதனால் கீழே விரிந்து கிடப்பதை எல்லாம் உடைத்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கீரை போலப் பொரியல் செய்யலாம். பழுத்த இலைகளையும் எடுத்துவிடுங்கள். யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். நுனியைக் கிள்ளவே வேண்டாம். ஜூனில் மேகம் இறங்கிக் குளிர்ந்த பிறகு உருவாகும் மேல் முளைகள் ஓரளவு இறுக வாய்ப்பு உண்டு. செடிக்குப் பத்துப் பதினைந்து கிடைத்தால் லாபம். கிடைக்காமலும் போகலாம்.

உண்மையான வேலை அடுத்த நடவில் இருக்கிறது, அதற்கு இதுதான் சரியான நேரம். நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். முளை பெருக்க வேண்டியது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை. நட்ட நாளிலிருந்து முதல் பறிப்புக்குச் சீக்கிர ரகங்களுக்கு 90 முதல் 110 நாள், தாமத ரகங்களுக்கு 130 நாளுக்கு மேல், சிலவற்றுக்கு 150 கூட ஆகும். நாற்றங்காலில் ஐந்து வாரம். ஆக, ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் விதைத்து, ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் நட்டால் டிசம்பரில் பறிக்கத் தொடங்கி பிப்ரவரி வரை எடுக்கலாம். உதகை போல 2,200 மீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக வேண்டியதில்லை. கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் இது முக்கியம். உறைபனி விழுந்தால்தான் காய், அதாவது இந்த முளை, இறுகும் என்று சிலர் சொல்வது சரியல்ல. இறுகுவதற்குக் குளிர் போதும். உறைபனி செய்வது வேறு வேலை: கடுங்குளிரில் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் காய் இனிக்கும்.

விதை வாங்கும்போது ரகத்தின் பெயரும் பொதித்த தேதியும் உள்ள பாக்கெட்டாகப் பாருங்கள். கடையில் வெறுமனே ஸ்ப்ரவுட்ஸ் என்று கேட்டால் முளைகட்டிய பயறு என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஹில்ட்ஸ் ஐடியல் நம் நாட்டு மலைப்பகுதிகளுக்குப் பல காலமாகச் சிபாரிசு செய்யப்படும் ரகம், விதையைத் திரும்ப எடுக்கக்கூடிய வகை, ஆனால் கொஞ்சம் பொறுமை கேட்கும். லாங் ஐலண்ட் இம்ப்ரூவ்டு பழைய ரகம், செடிக்குச் செடி சீர் இருக்காது. ஜேட் கிராஸ் போன்ற எஃப் 1 வீரிய ஒட்டு ரகங்கள் குட்டையாக, ஒரே சீராக, சீக்கிரம் வரும். வீட்டுக்கு 14 செடி வைப்பவருக்கு நான் ஒட்டு ரகத்தைத்தான் சொல்வேன். விதையை நாமே எடுக்கலாம் என்ற ஆசை வேண்டாம். இது ஈராண்டுப் பயிர், குளிர்காலம் கழிந்துதான் பூக்கும். பூத்தாலும் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸோடும் நூல்கோலோடும் தேனீ வழியே கலந்துவிடும்.

ஒரு கிராமில் 250, 300 விதை இருக்கும். உங்களுக்கு 25 விதை போதும். கருப்பு அழுகல் விதையோடு வரும் நோய் என்பதால், மருந்து பூசாத விதையாக இருந்தால் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் ஆற்றி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். இதற்கு வெப்பமானி கட்டாயம் வேண்டும். 50 என்பது 55 ஆனால் விதை செத்துவிடும். குழித்தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. ஒரு வாரத்தில் முளைக்கும். மழைக்கு மேலே கூரை வேண்டும், ஆனால் வெளிச்சம் குறையக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் நாற்று நூல் போல நீண்டுவிடும், அப்படிப்பட்ட நாற்று பின்னால் சாய்ந்துகொண்டே இருக்கும்.

விதை தட்டில் இருக்கும் ஐந்து வாரத்தில் மண்ணைக் கவனியுங்கள். நீலகிரி மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது கொண்டாட்டம், கோஸ் இனத்துக்குத் திண்டாட்டம். கார அமிலநிலை (பிஹெச்) 5 என்று காட்டும் மண்ணில், வேர் விரல் விரலாக வீங்கும் நோய் வரும். பூச்சிமருந்துக் கடையில் கிளப் ரூட் என்றால் தெரியும். பகலில் செடி வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் அதுதான் முதல் அடையாளம். வந்த பிறகு தீர்க்க மருந்து இல்லை, அதன் வித்துகள் மண்ணில் பத்துப் பதினைந்து ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். மண்ணை 6.5க்கு மேல், முடிந்தால் 7க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஓரளவு கட்டுப்படும். மண் பரிசோதனை செய்து பாருங்கள். அமிலநிலை 5, 5.5 என்று வந்தால் சதுர மீட்டருக்கு 400, 500 கிராம் டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு வேண்டியிருக்கும். நடவுக்கு ஐந்தாறு வாரம் முன்பே, அதாவது விதை போடும் அதே வாரத்தில், ஒரு முள்கொத்து ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

எரு நடவுக்குப் பத்து நாள் முன்பு. நன்றாக மக்கிய மாட்டெரு சதுர மீட்டருக்கு 4 கிலோ. 14 செடிக்கு 60 சென்டிமீட்டருக்கு 60 என்று இடம் விட்டால் ஏறக்குறைய 5 சதுர மீட்டர் வரும், ஆக 20 கிலோ. கோழி எரு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மக்காத கோழி எருதான் வேண்டாம். நீலகிரியில் மழை அடித்துப் போரான் என்ற நுண்சத்து குறைந்த மண் பரவலாக உண்டு. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பாகப் பொந்து தெரிந்தால் சந்தேகப்படலாம். போரான் தரும் உப்பான போராக்ஸ் சதுர மீட்டருக்கு ஒரு கிராம், தண்ணீரில் கரைத்துப் பாத்தி முழுவதும் ஊற்ற வேண்டும். 5 சதுர மீட்டருக்கு 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் அளவு. கண் மதிப்பில் அள்ளிப் போட்டால் அதுவே நஞ்சாகும்.

நாற்றில் ஐந்தாறு இலை வந்ததும் நடுங்கள். முதல் இலைக்காம்பு வரை மண்ணுக்குள் போகலாம், குருத்து மூடக் கூடாது. நட்டதும் சுற்றிலும் மண்ணை உள்ளங்கையால், அல்லது குதிகாலால், நன்றாக அழுத்துங்கள். ஓர் இலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் இலை கிழிய வேண்டுமே தவிர, நாற்று மேலே வரக் கூடாது. மண் தளர்ந்திருந்தால் ஸ்ப்ரவுட்ஸ் விரியும் என்பது இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லும் பேச்சு. செடி ஆடினால் வேர் அறும், வளர்ச்சி கெடும் என்பதில் சந்தேகமில்லை. அதுமட்டுமே முளையை விரிய வைக்கும் என்பதுதான் ஐயத்துக்குரியது, சூடும் ரகமும் அதைவிடப் பெரிய காரணங்கள். எப்படியும் அழுத்தி நடுவதால் நஷ்டம் இல்லை, செய்துவிடுங்கள். ஒரு மாதத்தில் அடியில் மண் அணைத்து, முழங்கால் உயரம் வந்ததும் செடிக்கொரு குச்சி நட்டுக் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிக்கு வரும் காற்றும் மழையும் உங்களுக்குத் தெரியாததல்ல. பாத்தி 15, 20 சென்டிமீட்டர் மேடாக இருந்தால் அக்டோபர் மழையில் தண்ணீர் நிற்காது.

மேலுரம் இரண்டே தடவை. நட்ட 30ஆம் நாளும் 60ஆம் நாளும், செடிக்கு ஒரு டீஸ்பூன் யூரியா, அதாவது 5 கிராம், கூடவே அதே அளவு பொட்டாஷ். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு மண்ணால் மூட வேண்டும். இயற்கை வழியில் போகிறவர்கள் செடிக்கு 200 கிராம் மண்புழு உரம் வைக்கலாம். கீழ் முளைகள் பட்டாணி அளவுக்கு வந்தபின் தழைச்சத்து எந்த உருவத்திலும் கூடாது, பஞ்சகவ்யமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மழை இல்லாத வாரங்களில் மண் ஒரு விரல் ஆழத்துக்கு மேல் காயக் கூடாது. காயவிட்டு, பிறகு ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றுவது முளையைக் கெடுக்கும்.

இனி நுனி கிள்ளுவது. இதற்கு ஒரே நேரம்தான் உண்டு: கீழ் முளைகள் சின்ன வெங்காயம் அளவுக்கு, சுமார் இரண்டு சென்டிமீட்டர், இறுகி வந்திருக்கும்போது. அப்போது நுனியில் இரண்டு விரல்கடை கிள்ளினால் மேல் முளைகளும் சேர்ந்து பெருத்து, மூன்று நான்கு வாரத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் பறிப்புக்கு வரும். கிள்ளாமல் விட்டால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மாதம் கிடைக்கும். வீட்டுச் சமையலுக்கு எனக்குத் தெரிந்து இரண்டாவதுதான் வசதி. குளிர் முடியப் போகிறது, இன்னும் மேலே பாதி பாக்கி என்றால் மட்டும் கிள்ளுங்கள். சீக்கிரமே கிள்ளினால் மேல் முளைகள் கிளையாக ஓடும், காயின் எண்ணிக்கையும் குறையும். நுனியைக் கிள்ளுவது விரிந்த முளையை மூட வைக்காது.

இலையை உடைப்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து. பழுத்த இலையையும் மண்ணில் படும் இலையையும் எடுப்பது சரி, காற்றோட்டம் கிடைக்கும், அழுகல் குறையும். பறித்து முடித்த கணுக்களுக்குக் கீழ் இலை தேவையில்லை. ஆனால் முளைக்கு இடம் வேண்டும் என்று பச்சை இலைகளைச் சகட்டுமேனிக்கு உடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முளைக்குச் சோறு போடுவதே அந்தக் கக்கத்து இலைதான்.

பூச்சிகளில் உங்களுக்குத் தலைவலி இரண்டு. ஒன்று வைரமுதுகு அந்துப்பூச்சி. தொட்டால் நெளிந்து, நூலில் தொங்கும் சின்னப் பச்சைப் புழு இலையைச் சுரண்டிக் கண்ணாடி போல ஆக்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. வெயிலில் அடித்தால் அதன் வீரியம் போய்விடும். கோஸ் இலை மெழுகுப் பூச்சு உள்ளது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மருந்தில் கொஞ்சம் ஒட்டும் திரவமோ காதி சோப்புக் கரைசலோ கலந்தால்தான் நிற்கும். 14 செடிக்கு இதைவிட எளிது, நட்ட அன்றே கொசுவலைத் துணியை வளைவுக் கம்பியின் மேல் போர்த்துவது. பறவை வலை போதாது, இந்த அந்துப்பூச்சிக்கு அது திறந்த கதவு.

இரண்டாவது சாம்பல் அசுவினி. முட்டைக்கோஸில் மேலிலையை உரித்து எறிந்தால் தீர்ந்தது. ஸ்ப்ரவுட்ஸில் இது முளைக்கு உள்ளே குடியேறும், பறித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அக்டோபரிலிருந்து வாரம் ஒருமுறை தண்டைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். சாம்பல் தூவியது போலத் தெரிந்த அன்றே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மறுநாள் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்போடு கலந்து தெளியுங்கள். இலை ஓரத்தில் மஞ்சளாக ஆங்கில வி எழுத்துப் போலத் தொடங்கி நரம்பு கருத்தால் அது கருப்பு அழுகல். அந்த இலையை உலர்ந்த நேரத்தில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஈர இலையைத் தொட்ட கையோடு அடுத்த செடியைத் தொட வேண்டாம். காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தால் வலையும் மருந்தும் பயன்படாது, வேலிதான் வழி.

பறிப்பது கீழிருந்து. காய் இரண்டரை முதல் நாலு சென்டிமீட்டர், அழுத்தினால் கோலிக்குண்டு போல இருக்க வேண்டும். கீழ்நோக்கி வளைத்து ஒடித்தால் சட்டென்று வரும். ஒரு செடிக்கு அரை முதல் ஒரு கிலோ வரை எதிர்பார்க்கலாம். கசப்புக்குக் காரணம் கடுகுக்குக் காரம் தரும் அதே வகைக் கந்தகச் சேர்மங்கள். நீங்கள் பறித்தவை கசந்ததாகச் சொல்கிறீர்கள், சூட்டில் விளைந்தது கசப்பது வழக்கம்தான். சமையலில் நாற்றம் அடிப்பது நீளமாக வேகவிடுவதால். பாதியாக வெட்டி ஏழெட்டு நிமிடத்துக்குள் இறக்கினால் வராது.

தங்கைக்கு நாற்று வேண்டாம். சென்னையில் ஜனவரியிலும் பகல் 29 டிகிரி, இரவு பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். செடி வளரும், இலை விடும், முளை இறுகாது. கீரைக்காக வளர்க்கிறேன் என்றால் சரி. அதே தொட்டியில் நவம்பரில் நூல்கோல் போட்டால் இரண்டு மாதத்தில் சமையலுக்கு வந்துவிடும். ஏற்காடு, ஓசூர் உயரத்தில் கேட்பவர்களுக்கு: சீக்கிர ஒட்டு ரகத்தை ஆகஸ்ட் கடைசியில் நட்டு நாலு செடி பார்க்கலாம், உறுதி தர முடியாது.

இப்போதைய செடிகளை ஆகஸ்டில் எப்படியும் எடுத்துவிடுவீர்கள். வெட்டிவிடாமல் வேரோடு பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வெள்ளை நார் வேராக இருந்தால் தண்டை நசுக்கிக் கம்போஸ்டில் போடலாம், நசுக்காவிட்டால் மாதக்கணக்கில் மக்காது. வேர் இஞ்சிக் கிழங்கு போலத் தடித்திருந்தால் காயவைத்து எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் ஏழாண்டுக்காவது கோஸ் இனம் எதையும் வைக்காதீர்கள், முள்ளங்கியும் கடுகும் அதில் சேர்த்தி. பீன்ஸ், கேரட், பூண்டு போடலாம். சுண்ணாம்பு போட்ட பாத்தியில் உருளைக்கிழங்கு வேண்டாம், சொறி விழும். வேர் சுத்தமாக இருந்தாலும் அடுத்த நடவுக்கு இந்தப் பாத்தியைத் தவிர்த்து வேறு இடம் பாருங்கள்.